நான் எழுதின மழை

அண்ணாச்சி, அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் மடக்கி வைங்க. தப்பா நெனைக்காதீங்க. கோவில்பட்டியில ஏறினதுல இருந்து பார்த்துக்கிட்டே வர்றேன், அதையே திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க. அட்டையில வெள்ளைக் கட்டடம், முன்னாடி புல்தரை, மேல ஒரு பலூன். அந்தப் பலூனை ரெண்டு வருஷத்துல நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் புளியமரத்துல மாட்டி வெடிச்சுப் போச்சு.

மகளுக்கா? எம்.எஸ்ஸி புவி இயற்பியலும் வானிலையியலும். ஆங், நெனைச்சேன். இடம் கிடைச்சிருச்சா? சரி, சரி. நான் அங்கதான் படிச்சேன். பேரு கோமதிநாயகம். படிச்சு முடிச்சுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் அந்தக் கட்டடத்தை நெனைச்சா எனக்குக் குமட்டுது. பேச்சுக்குச் சொல்லலை, நெசமாவே குமட்டுது. மதுரை போக இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் என்ன வேணா முடிவு பண்ணுங்க.

மொத்தம் ஏழு பேர் நாங்க. துறைத் தலைவர் பேராசிரியர் சுந்தரவடிவேல். பெரிய படிப்பாளின்னு பேரு. அடித்தள அறையில நிலநடுக்கம் பதியற கருவி ஒண்ணு இருந்துச்சு. உருளை சுத்தும், ஊசி அதுல கோடு போட்டுக்கிட்டே இருக்கும். வாசல்ல பல்கலைக்கழகப் பஸ் திரும்பற நேரம் ஊசி ஒரு துள்ளுத் துள்ளும். யாராவது பெரிய மனுஷங்க பார்க்க வந்தா, சுந்தரவடிவேல் அந்தத் துள்ளலைத் தொட்டுக் காட்டி "இந்தோனேஷியா"ம்பாரு. நாங்க ஏழு பேரும் பின்னால நின்னு தலையாட்டணும். அப்புறம், பூமிக்குள்ள மின்சாரம் விட்டு எங்க தண்ணி இருக்குன்னு பார்க்கற பயிற்சி. கரிசக்காட்டுல உச்சி வெயில்ல இரும்புக் கம்பி அடிச்சு இறக்கணும். சம்மட்டி எங்க கையில. குடை அவரு கையில.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். அசிங்கம் இருந்துச்சு பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியலை. வளாகத்துக் கடைசியில கம்பி வேலி போட்டு வானிலைக் கருவிங்க வச்சிருந்தாங்க. நாலு கால்ல நிக்கற வெள்ளை மரப்பெட்டி, உள்ள வெப்பமானிங்க. அதுல ஒண்ணோட குமிழுக்கு ஈரத்துணி சுத்தி வச்சிருப்பாங்க, காத்துல எவ்வளவு ஈரம்னு அதுலதான் தெரியும். வாரம் ஒரு தடவை துணியை மாத்தணும். எங்க பெட்டியில அந்தத் துணி கறுத்துப் போயி, வழவழன்னு, சளி மாதிரி... சீ, சொல்றதுக்கே வாய் கூசுது. யாருமே மாத்தலை. யாரு மாத்தணும்னு கேக்கறீங்களா? அதுக்கு ஒரு முறை இருந்துச்சு, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது அங்க இருந்தவங்களோட சுத்தத்தைப் பத்தி.

எங்க ஏழு பேர்ல ஒருத்தி பேச்சியம்மாள். பேச்சின்னு கூப்பிடுவோம். எம்.எஸ்ஸி படிக்கிற பொண்ணுக்குப் பேரைப் பாருங்க. சித்தாலங்குளம்னு ஒரு ஊரு, வளாகத்துல இருந்து ஒன்பது கிலோமீட்டர். தினமும் பஸ்ல வருவா. அப்பா மானாவாரிக் காட்டுல மக்காச்சோளமும் உளுந்தும் போடறவரு. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தான்னா கருவாட்டு வாடை ஆளை அடிக்கும். எனக்கு அதெல்லாம் ஆகாது, தள்ளிப்போய் உக்காந்துக்குவேன். ஆனா படிப்புல கெட்டிக்காரி. அதை மறைக்கக்கூடாது. நான் உள்ளதைச் சொல்றவன்.

கருவிங்களைப் பார்த்துக்கிட்டு இருந்த பணியாளர் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த இடத்துக்கு ஆள் போடலை. மாணவங்கதான் பார்க்கணும்னு ஆச்சு. காலையில எட்டரை, சாயங்காலம் அஞ்சரை. போகணும், அளக்கணும், பதிவேட்டுல எழுதணும். மழைக்காலம் மூணு மாசத்துக்கு மட்டும் ஒரே ஆள் பொறுப்பு. அந்த வருஷம் பொறுப்பு என்கிட்ட.

எதுக்கு என்கிட்ட குடுத்தாங்க? நான் ஒழுங்கு. அதை என் விரோதிகூட மறுக்க மாட்டான். எனக்கு முந்தி பார்த்தவன் வச்சிருந்த பதிவேட்டை நீங்க பார்க்கணும். அடிச்சுத் திருத்தி, டீக்கறை படிஞ்சு, பாதிக் கட்டம் காலி. கையில தொடவே பிடிக்காது. என் பதிவேட்டுல ஒரு கட்டம் காலி இருக்காது. ஒரு கட்டம் காலியா இருந்தா எனக்குச் சோறு இறங்காது, அப்படி ஒரு சுபாவம்.

அந்த வருஷம் ஐப்பசி பூரா வானம் மூடிக்கிட்டு வரும், வந்த வழியே போயிடும். நவம்பர் முதல் மூணு நாள் மழைமானியைத் திறந்து பார்த்தேன். மூணு நாளும் பூஜ்யம். எழுதினேன். நாலாம் நாள் சுந்தரவடிவேல் கூப்பிட்டாரு.

"என்னய்யா இது, நவம்பர்ல பூஜ்யம்?"

"பெய்யலை சார்."

"டவுன்ல பெஞ்சிருக்கே. பேப்பர்ல போட்டிருக்கான். உனக்கு மட்டும் பெய்யலையா? முப்பது வருஷத்துச் சராசரி என்ன ஆகறது? நல்லாப் பாருய்யா."

நல்லாப் பாருன்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. ஒரு துறைத் தலைவர், பூஜ்யத்தைப் பார்த்து முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, நல்லாப் பாருங்கறாரு. கையில பேப்பரை வேற மடிச்சுக் குடுத்து அனுப்பறாரு. அதுக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரிஞ்சுச்சு. புத்தியுள்ள எவனுக்கும் புரியும்.

அதுக்கப்புறம் நான் பேப்பரைப் பார்த்து எழுதினேன். தினமும் அந்தக் கருவி வேலிக்கு நடக்கணும்னா விடுதியில இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல. மழைக்காலத்துல அந்தப் பாதை ஒரே சகதி. அந்த வருஷம் சகதி இல்லைதான், காய்ஞ்சுதான் கிடந்துச்சு. ஆனா எப்ப ஆகும்னு யாரு கண்டா?

சும்மா காப்பியடிச்சேன்னு நெனைச்சுராதீங்க. அதுக்கும் மூளை வேணும். டவுன்ல இருபதுன்னு போட்டிருந்தா நான் பதினெட்டுப் புள்ளி ஆறு போடுவேன். பதினொண்ணுன்னு இருந்தா பன்னெண்டு புள்ளி ரெண்டு. ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய. முழு எண் வரவே கூடாது, வந்தா கண்டுபிடிச்சிருவாங்க. பேனாவைக்கூட மாத்தி மாத்தி எழுதினேன். மழை பெய்யற நாள்ல காத்து எப்படி, ஈரம் எப்படின்னு மத்தக் கட்டங்களையும் அதுக்கு ஏத்த மாதிரி போட்டேன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்ல? படிச்சவன் பண்ணுற வேலை அது. மத்த பயலுகளுக்கு வராது. மதிப்பீடுன்னு அறிவியல்லயே ஒரு சங்கதி இருக்கு அண்ணாச்சி, நான் புதுசா எதுவும் பண்ணலை.

மாசம் முடிஞ்சப்போ பதினொரு மழை நாள், மொத்தம் நூத்து முப்பத்தேழு மில்லிமீட்டர். சராசரிக்கு ரொம்பப் பக்கத்துல. சுந்தரவடிவேல் பார்த்துட்டு, "ம்"ன்னாரு. அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை கிடையாது. கையெழுத்துப் போட்டு மாவட்டத்துக்கு அனுப்பிட்டாரு.

மாவட்டத்துக்கு எதுக்குன்னா, அங்க இருந்து அது பயிர்க் காப்பீட்டுக்காரங்களுக்குப் போகும். எங்க வளாகத்தைச் சுத்தி இருக்கிற பன்னெண்டு ஊருக்கும் எங்க மழைமானிதான் சாட்சி. அதுல மழை இவ்வளவுக்குக் கீழ போனா இழப்பீடு உண்டு, மேல போனா கிடையாது. இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி, சத்தியமா. வகுப்புல ஒரு பாடம் நடத்தினாங்கதான். பரீட்சைக்கு வராதுன்னு சொன்னாங்க, நான் விட்டுட்டேன்.

டிசம்பர் முதல் வாரம். படிப்பறையில உக்காந்திருக்கேன். பேச்சி பதிவேட்டை எடுத்துக்கிட்டு வந்தா. அவளோட ஆய்வேடு மழையில்லாத நாள்களைப் பத்தி, அதுக்கு இந்தப் பதிவேடு வேணும்.

"நாயகம், நவம்பர் நீ எடுத்ததுதானே?"

"ஆமா. ஏன்?"

"பதினாலாம் தேதி பதினெட்டுப் புள்ளி ஆறுன்னு இருக்கு. எங்க ஊர்ல அன்னைக்குத் தூத்தல்கூட இல்லையே."

"மழைக்கு ஊர் எல்லையா தெரியும் பேச்சி? வெப்பச்சலனம். இங்கன பெய்யும், அங்கன பெய்யாது. முதல் வருஷமே படிச்சோமே."

"பதினொரு நாளுமா?"

"வாய்ப்பு இருக்குல்ல. புள்ளியியல்படி பார்த்தா..."

அவ நான் சொல்றதைக் கேக்கலை. பக்கத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. "நான் பதினாலாம் தேதி வளாகத்துலதானே இருந்தேன். பயிற்சிக்குக் காட்டுல கம்பி அடிச்சோம். நீயும் இருந்த. சட்டையெல்லாம் வேர்வை"ன்னா. மெதுவாத்தான் சொன்னா, சண்டை போடலை. அப்புறம், "வேலிச் சாவி எங்க?"ன்னு கேட்டா.

குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன். பொம்பளைப் பிள்ளை கேக்குது, இல்லைங்க முடியுமா?

சாவியைக் குடுத்துட்டு நான் சுந்தரவடிவேல் அறைக்குப் போயிட்டேன். எதுக்கும் அவரு காதுல போட்டு வைப்போம்னு. அவரு டீயும் உளுந்தவடையும் வச்சு உக்காந்திருந்தாரு. எனக்கும் ஒரு வடை குடுத்தாரு. பாதி தின்னிருப்பேன், கதவைத் தள்ளிக்கிட்டு பேச்சி வந்தா. கையில ஒரு பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள இருந்து மழைமானிப் புனலை எடுத்து மேசை மேல, வடைத் தட்டுக்குப் பக்கத்துல, டக்குன்னு வச்சா.

மழைமானின்னா பெரிய விஷயம் இல்லை அண்ணாச்சி. மேல ஒரு புனல், அடியில ஒரு பாட்டில். புனல்ல விழுந்த தண்ணி பாட்டில்ல சேரும், அதை அளந்தா மழை. அவ்வளவுதான். அந்தப் புனலோட தொண்டையில ஒரு ஓணான் செத்துக் கிடந்துச்சு. தலைகீழா உள்ள போயி மாட்டியிருக்கு. வால் மட்டும் மேல நீட்டிக்கிட்டு. பாதி காய்ஞ்சு, பாதி அழுகி, வயித்துப் பக்கம் எறும்பு. ஒரு வாடை பாருங்க... வாயில இருந்த வடையை முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. இன்னிக்கு வரைக்கும் நான் உளுந்தவடை திங்கறதில்லை.

"என்னம்மா இது அசிங்கம்!"னு சுந்தரவடிவேல் எந்திரிச்சுட்டாரு.

"நவம்பர் மாசத்து மழை சார்"ன்னா.

"வெளிய கொண்டு போ முதல்ல!"

"கொண்டு போறேன் சார். இது செத்து ரெண்டு மூணு வாரம் ஆகியிருக்கும். புனல் அடைச்சிருக்கு. பாட்டில்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, சிலந்தி வலை பின்னியிருக்கு. அப்ப பதினெட்டுப் புள்ளி ஆறை எதுல அளந்தாங்க?"

அவரு சமாளிச்சுக்கிட்டாரு. படிச்ச மனுஷன் இல்லையா. "அடைச்சிருந்தா மழைத்தண்ணி எப்படிம்மா பாட்டிலுக்குப் போகும்? அதனால பெய்யலைன்னு ஆயிருமா?"ன்னாரு.

"பெஞ்சிருந்தா புனல்ல தண்ணி தேங்கி நின்னிருக்கும் சார். இது காய்ஞ்சு கிடக்கு. அப்படியே பெஞ்சதுன்னு வச்சுக்கிட்டாலும், தினமும் திறந்து பார்த்தவங்களுக்கு இந்த வால் தெரிஞ்சிருக்கணும்ல?"

அதைச் சொல்லும்போது அவ என்னைப் பார்க்கலை. பார்த்திருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். புனலையே பார்த்துக்கிட்டு, "எங்க அப்பா காட்டுல சோளம் முழங்கால் உசரத்துலயே கருகிப் போச்சு சார். பன்னெண்டு ஊர்லயும் அப்படித்தான். மாவட்டத்துக்கு ஒரு திருத்தம் எழுதுங்க சார். கருவி பழுதுன்னு எழுதினாக்கூடப் போதும், யாரு மேலயும் குத்தம் சொல்ல வேண்டாம்"ன்னா.

திமிரு பாருங்க. முப்பது வருஷம் சர்வீஸ் உள்ள பேராசிரியருக்கு, என்ன எழுதணும்னு இவ சொல்லித் தர்றா. கேக்கவேண்டிய விஷயத்தைத் தனியா வந்து கேட்டிருக்கலாம். இப்படியா, திங்கற இடத்துல செத்ததைக் கொண்டாந்து வைக்கறது? ஒரு நாகரிகம் வேண்டாமா?

அவரு திருத்தம் எழுதலை. எப்படி எழுதுவாரு? கையெழுத்துப் போட்டதே அவருதானே. அவ துணைவேந்தருக்கு மனு குடுத்தா. மூணு பேர் விசாரணைக் குழு போட்டாங்க. குழு உக்கார முந்தின நாள் சுந்தரவடிவேல் என்னைக் கூப்பிட்டாரு. கதவைச் சாத்தச் சொன்னாரு.

"அந்தப் பொண்ணு அன்னைக்கு வேலிக்கிட்ட நின்னுச்சா?"

"நின்னுச்சு சார்."

"தனியா?"

"தனியாத்தான் சார்."

"கேட்டைத் திறந்துச்சா?"

"சாவி வச்சிருந்துச்சு சார்."

"அவ்வளவுதான். பார்த்ததை எழுதிக் குடு. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அண்ணாச்சி, நான் எழுதினது அரைப் பக்கம். அதுல ஒரு வரி பொய் கிடையாது. பேச்சியம்மாள் என்கிற மாணவி, குறிப்பிட்ட தேதியில, தனியா, சாவியோட, கருவி வேலிக்குள்ள போனதை நான் அறிவேன்னு எழுதினேன். ஓணான்ங்கற வார்த்தையையே நான் எழுதலை. அவதான் கொண்டு போய்ப் போட்டான்னு நான் எங்கயாவது சொன்னேனா? இல்லையே. அவங்களா அப்படி எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மத்த அஞ்சு பேரும் பேசலை. வாயை மூடிக்கிட்டாங்க. கோழைங்க. நானாவது கேட்டதுக்கு எழுதிக் குடுத்தேன்.

குழு ஒரு வாரத்துல முடிச்சிருச்சு. கருவியில மாணவி கைவெச்சிருக்கலாம், பதிவேட்டுல சந்தேகப்பட எதுவும் இல்லை, பதிவுகள் ஒண்ணோட ஒண்ணு நல்லாப் பொருந்தி வருதுன்னு எழுதிட்டாங்க. பொருந்தி வருதுன்னு எழுதினாங்க பாருங்க, அதை வாசிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி... சரி, அதை விடுங்க. பேச்சி அதுக்கப்புறம் வேலிக்குள்ள போகக்கூடாதுன்னு ஆச்சு. ஆய்வேட்டுத் தலைப்பையும் ரத்து பண்ணிட்டாங்க. காப்பீட்டுக்காரங்க, பல்கலைக்கழகமே சான்று குடுத்திருக்குன்னு பன்னெண்டு ஊர் மனுவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. பேச்சியோட அப்பா தையில மாட்டை ஓட்டிட்டுப் போய் வித்துட்டு, திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைக்கு வாட்ச்மேனாப் போயிட்டாருன்னு பசங்க பேசிக்கிட்டாங்க.

அவ படிப்பை விட்டுட்டுப் போயிருவான்னுதான் எல்லாரும் நெனைச்சோம். போகலை. அடித்தளத்துல அந்த நிலநடுக்கக் கருவி இருந்துச்சே, அதுல பஸ் அதிர்வு எது, பூமி அதிர்வு எதுன்னு பிரிக்கறதைத் தலைப்பா எடுத்துக்கிட்டா. ரெண்டு மாசம் அந்தக் குகையிலயேதான் கிடந்தா. அப்பவும் அதே பஸ்ல வருவா, அதே வகுப்புல எனக்கு முன் பெஞ்சுல உக்காருவா. என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டா. திட்டியிருக்கலாம். நானே ஒரு தடவை வலியப் போயி, "பேச்சி, என் மேல கோபமா?"ன்னு கேட்டேன். "வழி விடுங்க"ன்னா. அதுவரைக்கும் நீ, வான்னு பேசினவ. "விடுங்க"ன்னா. நல்லா இருக்கா? நானா வந்து கேக்கறேன், அதுக்கு மரியாதை இவ்வளவுதானா?

சரி, நான் பட்டதைச் சொல்றேன். உண்மையான அநியாயம் இனிமேதான் இருக்கு.

படிச்சு முடிச்சதும் சுந்தரவடிவேல் என்னைத் தன்கிட்டயே ஆராய்ச்சிக்கு வச்சுக்கிட்டாரு. மூணு வருஷம் உழைச்சேன். முப்பது வருஷத்துப் பதிவேட்டையும் கணினியில ஏத்தினது நான். காலி இருந்த கட்டங்களையெல்லாம் சரிபண்ணினது நான். அவரு பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது நான். அவரு வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மோட்டார் வாங்கப் போனதுகூட நான். கடைசியில கட்டுரை வெளிவந்துச்சு, வெளிநாட்டுப் பத்திரிகையில. எடுத்துப் பார்க்கறேன். முதல் பேரு அவரு. ரெண்டாவது அவரு மருமகன். மூணாவது யாரோ. என் பேரு இல்லை. நன்றின்னு கடைசியில ஒரு பத்தி போடுவாங்களே, அதுலகூட இல்லை.

உள்ள புரட்டினா ஒரு வரைபடம். நவம்பர் மாசம். என் நவம்பர். பதினெட்டுப் புள்ளி ஆறு, பன்னெண்டு புள்ளி ரெண்டு... ஒவ்வொண்ணும் நான் உக்காந்து யோசிச்சுப் போட்ட எண்ணு அண்ணாச்சி. வேற எவன் போட்டிருந்தாலும் அப்படி அமைஞ்சிருக்காது. உலகம் பூரா விஞ்ஞானிங்க அதை வாசிக்கறாங்க, அதை உருவாக்கினவன் பேரு இல்லை. இதுக்குப் பேரு என்ன? திருட்டு இல்லையா? அடுத்தவன் உழைப்பை எடுத்துத் தன் பேர்ல போட்டுக்கறது திருட்டு இல்லாம வேற என்ன? நேரா போய்க் கேட்டேன். "பதிவேட்டுல இருந்ததைத்தானே போட்டிருக்கேன், உன்னுதுன்னு என்ன இருக்கு?"ன்னாரு. கேட்டீங்களா? மூஞ்சியில துப்பணும்போல இருந்துச்சு. நியாயம் தெரியாத ஜென்மம். அன்னைக்கே விட்டுட்டு வெளிய வந்துட்டேன். முனைவர் பட்டமும் போச்சு. இப்ப இன்வர்ட்டர் பேட்டரி விக்கறேன். மூணு மாவட்டம் என் பொறுப்புல இருக்கு. ஒழுங்கா இருக்கேன், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

அந்தப் பேச்சியா? அவ எங்கயோ கடற்கரைப் பக்கம் வானிலை நிலையத்துல வேலையில இருக்கா. தேர்வு எழுதிப் போயிட்டா. கருவி பார்க்கற வேலைதான். ஒரு தடவை பார்த்தேன். நான் இந்தப் பேட்டரி வேலையில சேர்ந்து ரெண்டாம் வருஷம் இருக்கும், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேட்டரி மாத்திக் குடுக்கப் போயிருந்தேன். திங்கக்கிழமை, மனு குடுக்கற நாள். மரத்தடியில ஒரே கூட்டம். அதுல அவ நிக்கறா. பக்கத்துல வெள்ளை வேட்டியில ஒல்லியா ஒரு பெரியவரு, கையில பிளாஸ்டிக் உறையில காகிதக்கட்டு. அவங்க அப்பாதான்னு பார்த்ததுமே தெரிஞ்சுச்சு, அதே தாடை.

நான் ஒதுங்கிப் போயிருக்கலாம். போகலை. எனக்கு என்ன பயம்? நான் நேரா போயி, "பேச்சி, நல்லா இருக்கியா?"ன்னு கேட்டேன்.

அவ பெரியவர்கிட்டத் திரும்பி, "அப்பா, இவரு எங்ககூடப் படிச்சவரு. அந்த மழையை எழுதினது இவருதான்"ன்னா.

திட்டப்போறாரு, கைய ஓங்கப்போறாருன்னு நான் தயாரா நின்னேன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் மனசுல இருந்துச்சு. துறைத் தலைவர் சொன்னது, பேப்பர் குடுத்தது, நானும் ஏமாந்தவன்தான்னு எல்லாம். அந்த மனுஷன் உறைக்குள்ள இருந்து ஒரு நகலை உருவினாரு. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கி வச்சிருக்காங்க, என் பதிவேட்டுப் பக்கம். மடிப்பு மடிப்பா நைஞ்சு போயிருந்துச்சு. ஒரு வரியில விரலை வச்சாரு.

"தம்பி, இங்கன பாருங்க. கார்த்திகை ஏழாம் தேதி. இருபத்தி ரெண்டு சொச்சம்னு இருக்காம்ல, நல்ல மழை அது. அன்னைக்குக் காலையில விடிஞ்சதுல இருந்து பொழுது அடையற வரைக்கும் நான் காட்டுலயேதான் நின்னேன். வானத்தைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

நான் பேட்டரி வண்டி நிக்கற பக்கம் திரும்பினேன்.

"பொய்யின்னு சொல்ல வரலை தம்பி. படிச்ச பிள்ளைக, பார்க்காமயா எழுதியிருப்பீக? எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். அது எங்கன பெஞ்சுச்சு?"

கேலி இல்லை அண்ணாச்சி. அந்த ஆளு நெசமாவே கேட்டாரு. விரலை அந்த எண்ணு மேலயே வச்சுக்கிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கிட்டு, பதிலுக்கு நிக்கறாரு. சுத்தி நின்ன சனம் வேற பேச்சை நிறுத்திட்டு என்னைப் பார்க்குது. பேச்சி எங்கயோ பார்த்துக்கிட்டு நின்னா. "பேட்டரி இறக்கணும், ஆளுக நிக்கறாங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கேட்டைத் தாண்டற வரைக்கும் முதுகு கூசுச்சு. வெளிய வந்து பொட்டிக்கடையில சோடா வாங்கிக் குடிச்சேன், உள்ள நிக்கலை, அப்படியே வாந்தி.

எனக்கு அருவருப்பா போச்சு. அந்தப் பெரியவர் மேலயா, அவ மேலயான்னு தெரியலை. ஆமா, அவங்க மேலதான். வேற யார் மேல வரப்போகுது? நாலு பேர் பார்க்க, நடு ரோட்டுல நிறுத்தி வச்சு, இப்படியா அண்ணாச்சி ஒரு மனுஷனைக் கேக்கறது?